'பழைய பாப்' என்றால் எந்த ஆண்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் கலைப் பக்கத்தில், ராக் இசைக்குழுக்களின் மூன்றாவது ஆல்பம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆஸ்திரேலிய ராக் குழுவான டேம் இம்பாலாவின் மூன்றாவது ஆல்பம் 'கரண்ட்ஸ்' ராக்கிலிருந்து பழைய பாப் பக்கம் சாய்ந்ததைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்தது நல்ல காரியம். ஆனால் கட்டுரை நெடுக 'பழைய பாப்பின் வாசனை', 'ரெட்ரோ மணம்' என்று மூக்கு மட்டுமே பேசுகிறது. காது என்ன கேட்டது என்று ஒரு வரிகூட இல்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பதிவு செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, 'ரெட்ரோ' என்று பெயர் ஒட்டிய ஒரு மென்பொருளை வாங்கிப் பாட்டின்மேல் பூசினால் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார்கள்.

முதலில் ஒரு திருத்தம். 2015 ஜூலையில் வெளியான அந்த ஆல்பத்தை 'ஐந்து பேர் சேர்ந்து உருவாக்கியது' என்று கட்டுரை சொல்கிறது. மேடையில்தான் டேம் இம்பாலா ஒரு குழு. ஆல்பத்தை எழுதி, வாசித்து, பாடி, பதிவு செய்தவர் கெவின் பார்க்கர் என்ற ஒரே ஆள். இடம், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டலில் உள்ள அவர் வீட்டு ஒலிப்பதிவு அறை. முதல் இரண்டு ஆல்பங்களுக்கும் ஒலிக்கலவை செய்தவர் டேவ் ஃபிரிட்மன். மூன்றாவதில் அந்த வேலையையும் பார்க்கரே எடுத்துக்கொண்டார். ஒலி மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். கித்தார் பின்னால் போய், சிந்தசைசரும் பாஸும் டிரம்ஸும் முன்னால் வந்தன. உரத்த ஒலியைத் தாழ்த்திச் சமன்படுத்தும் கம்பிரஸரில் டிரம்ஸைக் கடுமையாக அமுக்கியிருக்கிறார். முதல் பாட்டின் நடுவில் தட்டு சிக்கிக்கொண்டதுபோல் ஒரு துண்டு மீண்டும் மீண்டும் வருகிறதே, அதுகூட பழைய கருவியின் கோளாறை வேண்டுமென்றே இசையாக்கியதுதான். ஆனால் அது கிராமபோன் காலத்துக் கீறல் சத்தம் அல்ல. சிடி சிக்கும்போது வரும் சத்தம். 'பழமை' என்று ஒரே சொல்லில் கட்டுரையாளர் சொன்னதற்குள் இப்படிப் பல ஆண்டுகள் கிடக்கின்றன.

பழைய பாப் ஒலி வேண்டும் என்று ஒரு குழு சொன்னால், பதிவுக்கூடத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த ஆண்டு?' என்பதுதான். 1961இன் எதிரொலி, 1966இன் இரட்டைக் குரல், 1969இன் டிரம்ஸ், 1980இன் கேட்டட் ரிவெர்ப் (சட்டென்று அறுபடும் அறை முழக்கம்) எல்லாவற்றையும் ஒரே பாட்டில் கொட்டினால் அது எந்தக் காலத்துப் பாட்டாகவும் கேட்காது. பார்க்கர் அப்படிக் கலக்கலாம். எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து கலக்குகிறார்.

மூன்றாவது ஆல்பம் என்று பேச்சு வந்தபின் பீட்டில்ஸின் மூன்றாவது ஆல்பத்தை விட்டுவிட முடியாது. 'எ ஹார்ட் டேஸ் நைட்' என்ற பெயரில் 1964 ஜூலையில் வந்த அதில் 13 பாட்டு, மொத்தம் ஏறக்குறைய 30 நிமிடம். இன்று உலகம் பழைய பாப் என்று நகலெடுப்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது. லண்டன் இஎம்ஐ கூடத்தில் நான்கு தடப் பதிவைப் பீட்டில்ஸ் பயன்படுத்தத் தொடங்கியதே 1963 அக்டோபரில்தான். நான்கு தடம் என்றால் பாஸையும் டிரம்ஸையும் ஒரே தடத்தில் சேர்த்து அடைக்க வேண்டும். அடைத்தபின் பாஸ் குறைவாக இருக்கிறது என்று யாரும் கூட்ட முடியாது. அதனால் பதிவுக்கு முன்பே ஆம்ப்ளிஃபயரை ஓரடி முன்னே தள்ளி, பின்னே இழுத்து, வாசிப்பவர் கையைச் சரிசெய்து சமன் செய்தார்கள். அந்த ஆல்பத்தின் இறுக்கம் அப்படி வந்தது.

இதை இன்றைய கணினியிலும் செய்யலாம், காசு செலவில்லை. நான்கு தடம் மட்டும் திறந்துகொள்ளுங்கள். டிரம்ஸும் பாஸும் ஒன்றில், கித்தார்கள் ஒன்றில், பாட்டு ஒன்றில், இரண்டாம் குரலும் தாம்புரினும் நான்காவதில். ஒவ்வொன்றையும் கலந்து ஒரே ஒலிக்கோப்பாக அச்சடித்துவிட்டு, மூலத் துண்டுகளை வேறு கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள். திரும்பிப் போக வழியிருந்தால் கை போகத்தான் செய்யும். அச்சடிக்கும் முன் ஒருமுறை கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்பது அவசியம். அதில் பாஸின் மெட்டுப் புரியவில்லை என்றால் பெரிய பெட்டியில் அது நிறைவாகக் கேட்டாலும் சமன் தவறு. அந்தக் காலத்துப் பாட்டுகள் முதலில் மோனோவுக்காகவே, அதாவது ஒற்றை ஒலிபெருக்கிக்காகவே, கலக்கப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது.

பழைய ஒலிநாடாவின் ஒலியை நகலெடுக்கும் டேப் மென்பொருளில் நடக்கும் தவறும் இங்கேதான். 24 தடம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் 'டேப்' பூச்சைப் போடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரே அளவு இரைச்சல் சேர்த்தால், 24 தடம் கூடும்போது இரைச்சல் ஏறக்குறைய 14 டெசிபல் உயர்ந்துவிடும். நான்கு தடத்தில் அது 6 டெசிபல்தான். பழைய இசைத்தட்டு இவ்வளவு இரைந்ததே இல்லை. நான்கு கலவைத் தடத்தில் மட்டும் போடுங்கள், போதும்.

அந்த ஆல்பத்தின் கித்தார் மினுமினுப்பு, குழுவின் கித்தார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் ரிக்கன்பாக்கர் 12 கம்பிக் கித்தாரிலிருந்து வந்தது. சாதாரண 12 கம்பிக் கித்தாரில் கையைக் கீழ்நோக்கி மீட்டும்போது தடித்த இணைகளில் மெல்லிய மேல்ஸ்தாயிக் கம்பிதான் முதலில் அடிபடும். ரிக்கன்பாக்கரில் வரிசை மாறி, தடித்த கம்பி முதலில். கேட்க அற்ப விஷயம், ஆனால் மெட்டு வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் உடம்பு கிடைப்பது அதனால்தான். வேறு கித்தார் வைத்திருப்பவர்கள், கம்பிகள் இரு முனையிலும் தங்கும் நட்டையும் பிரிட்ஜையும் திருத்தாமல் கம்பியை மட்டும் இடம் மாற்றினால் பள்ளத்தில் சரியாக உட்காராமல் கரகரக்கும்; அதற்குப் பதில் மாற்றாமலே வாசிப்பது மேல். தலைப்புப் பாட்டின் தனி வாசிப்பைப் பாதி வேகத்தில் பதிந்து, முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பியானோவும் ஹாரிசனின் கித்தாரும் ஒன்றாகச் சேர்ந்து வாசித்தது அது. பாதி வேகம் என்றால் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வேண்டும். கணினியில் செய்பவர்கள் சுதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் கூட்டும் கருவியைப் போட்டுவிட்டு, 'அந்த மணியோசை வரவில்லையே' என்கிறார்கள். சுதியும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும்.

அதே ஆல்பத்தின் இரட்டைக் குரல் தானியங்கி இரட்டிப்பு அல்ல. அந்த முறையை இஎம்ஐ பொறியாளர் கென் டவுன்சென்ட் உருவாக்கியது 1966இல். 1964இல் பாடகர் அதே வரியை இரண்டாம் முறை பாடினார், அவ்வளவுதான். 1964 வேண்டுமென்றால் பாடித்தான் ஆக வேண்டும். தமிழில் இதற்கென்று ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பதிவிலும் 'ச்', 'ட்', 'க்' போன்ற வல்லின ஒற்றுகள் ஒரே கணத்தில் விழாமல், பொரிகடலை போட்டதுபோல் படபடக்கும். 'ம்', 'ன்', 'ல்' இழுத்தால் அவ்வளவு தெரியாது. ஆகவே இரண்டாம் முறை பாடும்போது வல்லின ஒற்றை விழுங்கிவிட்டு, உயிரையும் மெல்லினத்தையும் மட்டும் முழுதாகப் பாடச் சொல்ல வேண்டும். கேட்பவர் காது ஒற்றை முதல் குரலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் குரலை 4 முதல் 6 டெசிபல் தாழ்த்தி வைத்தால் போதும்.

பாஸைப் பற்றி ஒரு வார்த்தை. 80களின் இளையராஜா பாடல்களில் பாஸ் தனியாக ஓர் எதிர்மெட்டுப் பாடிக்கொண்டே போகும். அதைக் கேட்டு வளர்ந்த விரல் 1964 பாணியிலும் சும்மா இருக்காது. மெட்டை அடக்கிக்கொள்வது வாசிப்பவர் பாடு. ஒலியை மட்டும் கம்பியே தீர்மானிக்கும்: தட்டை நாடா சுற்றிய ஃப்ளாட்வௌண்ட் கம்பி, மீட்டும் வில்லையான பிளெக்ட்ரம், பிரிட்ஜ் ஓரமாகக் கம்பிக்கடியில் ஒரு விரல் தடிமன் பஞ்சு. உருண்டைக் கம்பி சுற்றிய சாதாரண ரௌண்ட்வௌண்ட் கம்பியில் வாசித்துவிட்டு மேல் அதிர்வெண்களை வெட்டினால் ஒலி மங்குமே தவிர, சுரம் நீண்டு ஒலிப்பது அப்படியே இருக்கும், விரல் உரசலும் போகாது. பழைய பாஸ் மங்கலானது அல்ல, குட்டையானது. பஞ்சு கம்பியை மேலே தள்ளும் அளவுக்குத் தடித்தால் சுதி ஏறும். தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்.

டிரம்ஸ் விஷயத்தில்தான் ஆண்டுகள் அதிகம் குழம்புகின்றன. அடியில் கம்பிச்சுருள் கொண்ட ஸ்னேர் டிரம்மின்மேல் பாத்திரம் துடைக்கும் துணியைப் போடும் வழக்கம் 60களின் கடைசியைச் சேர்ந்தது. 1964க்கு ஸ்னேர் திறந்து ஒலிக்க வேண்டும். தலைக்குமேல் ஒரு மைக், பேஸ் டிரம்முக்கு ஒன்று, போதும். துணி போட்ட ஒலி வேண்டுமென்றால் அதனுடன் 60களின் கடைசியில் பொறியாளர் கிளின் ஜான்ஸ் பெயரால் அறியப்பட்ட மூன்று மைக் முறை பொருந்தும். முதல் மைக் ஸ்னேருக்கு நேர் மேலே ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில். இரண்டாவது, தரையில் நிற்கும் டிரம்மான ஃப்ளோர் டாம் பக்கமாக, அதன் விளிம்புக்குச் சற்று மேலே, இணைச் சிம்பலான ஹைஹேட்டைப் பார்த்தபடி. மூன்றாவது பேஸ் டிரம்முக்கு. முதல் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணளவு உதவாது, கயிறு பிடித்து அளக்க வேண்டும். ஒலி 1 மில்லிவிநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் ஓடுகிறது. 17 சென்டிமீட்டர் பிசகினால் அரை மில்லிவிநாடி தள்ளிவரும். அப்போது 1000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டம் ஒன்றையொன்று அழித்து, ஸ்னேர் அட்டைப்பெட்டி தட்டியதுபோல் ஆகிவிடும். இதை, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் சமன்கருவியால் திருத்த முடியாது.

80களின் 'டப்' என்று வெடித்து, சட்டென்று நின்றுபோகும் கேட்டட் ரிவெர்ப் டிரம்ஸ் ஒலியும் வேடிக்கையாக ஒரு மூன்றாவது ஆல்பத்தில்தான் பிறந்தது. குழுவினுடையது அல்ல, பாடகர் பீட்டர் கேப்ரியல் தனியாக வெளியிட்டது, 1980. டிரம்ஸ் வாசித்தவர் ஃபில் காலின்ஸ், பொறியாளர் ஹியூ பேட்கம், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவொயிட். வாசிப்பவரின் பேச்சைக் கேட்பதற்காகக் கூடத்தில் தொங்கவிட்டிருந்த மைக்கின் கம்பிரஸர் வழியாக டிரம்ஸ் ஒலித்ததைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். செய்முறை இதுதான்: அறையில் தூரமாக ஒரு மைக் வைத்து, அதைக் கம்பிரஸரில் நசுக்கி, அதன்பின், ஒலியைத் திறந்து மூடும் 'கேட்' கருவி ஒன்று. கேட்டைத் திறப்பது ஸ்னேரின் அருகு மைக். திறந்திருக்கும் நேரத்தைப் பாட்டின் வேகத்தோடு கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடி 500 மில்லிவிநாடி, அரை அடி 250. இந்த அரை அடிதான் பெரும்பாலும் சரியாக வரும். மூடுவது படிப்படியாக அல்ல, வெட்டியதுபோல். சிம்பல் அடித்தால் கேட் மூடும்போது அதன் ஓசை பாதியில் அறுந்து அசிங்கமாகத் தெரியும். கேப்ரியல் அந்த ஆல்பத்தில் சிம்பலே கூடாது என்று சொன்னார். அதைச் செய்யாமல் இந்த ஒலியைத் தேடுபவர்கள்தான் அதிகம்.

வெளிநாட்டை இவ்வளவு பேசியாயிற்று. கட்டுரையாளர் நம் வாசலை எட்டிப் பார்க்காமலே போனதுதான் வருத்தம். 1961இல் ஆங்கிலேயப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டுடன் தி ஷேடோஸ் என்ற கித்தார்க் குழு சிங்கப்பூர் வந்துபோன பிறகு இங்கே கித்தார்க் குழுக்கள் முளைத்தன. பீட்டில்ஸின் 'யே யே'யிலிருந்து 'பாப் யே யே' என்ற பெயரும், 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' சுருங்கி 'கூகிரான்' என்ற சொல்லும் வந்தன. ஜெஃப்ரிடின், ஏ. ரம்லி போன்ற பாடகர்களின் தட்டுகள் அந்தக் காலத்தவை. முன்னணி கித்தார், தாளக் கித்தார், பாஸ், டிரம்ஸ், சில நேரம் ஓர் ஆர்கன். இந்தக் கித்தார் ஒலியை நகலெடுக்க முனைபவர்கள் எல்லோரும், சுருள்கம்பியால் முழக்கம் உண்டாக்கும் ஸ்பிரிங் ரிவெர்பைத் திறக்கிறார்கள். அது அமெரிக்கக் கடற்கரை சர்ஃப் இசையின் ஒலி. ஷேடோஸின் ஹாங்க் மார்வின் வாசித்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர், வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர், இடையில் மியாட்ஸி எதிரொலிக் கருவி. ரிவெர்ப் அல்ல, எதிரொலி. அதிலும் ஒலியை வாசிக்கும் தலைகள் பல கொண்ட கருவி. தலைகளின் இடைவெளி சமமல்ல. ஒரே இடைவெளியில் திரும்பும் சாதாரண டிலேயை (தாமதக் கருவியை) போட்டால் அந்தத் துள்ளல் வராது. கணினியில் சமமில்லாத இரண்டு மூன்று டிலேகளை ஒன்றுக்கொன்று இணையாக வைத்து, ஒவ்வொன்றையும் நேரொலியைவிட 8 டெசிபல் தாழ்த்தி, மேல் அதிர்வெண்ணை வெட்டுங்கள். கம்பி தடித்ததாக இருக்கட்டும். மெல்லிய 9ஆம் எண் கம்பியில் அந்தக் கனம் வராது.

நேரக் கணக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு: டேப் எதிரொலியில் பதியும் தலைக்கும் வாசிக்கும் தலைக்கும் இடையே 5 சென்டிமீட்டர் இருந்து, நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடினால் எதிரொலி ஏறக்குறைய 130 மில்லிவிநாடி தாமதிக்கும், 19 சென்டிமீட்டர் ஓடினால் 260. பழைய தாமதங்கள் பாட்டின் வேகத்துக்குப் பொருந்தாமல் இருப்பது இதனால்தான். கருவியின் மோட்டார் பாட்டின் தாளத்தைக் கேட்டு ஓடியதில்லை. மென்பொருளில், தாமதத்தைப் பாட்டின் வேகத்தோடு பொருத்தும் 'சிங்க்' பொத்தானை அணைத்துவிடுங்கள்.

பினாங்கு வாசகர்களுக்கு ஆலிகேட்ஸைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டேவிட் ஆறுமுகம், 2007இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் முன்னின்ற குழு, மலாய்ப் பாட்டில் 'சோல்' இசையையும் டிஸ்கோவையும் கொண்டுவந்து நாடு முழுக்கப் பாடியது. பழைய பாப் தேடும் நம் பிள்ளைகள் ஃபிரிமாண்டல் போகும் முன் அந்தக் குரல் அடுக்கை ஒருமுறை உட்கார்ந்து கேட்கலாம்.

பாட்டின் கட்டமைப்பிலும் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. சினிமாப் பாட்டில் பழகிய கை, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நீளமான இடையிசை வைக்கும். 60களின் பாப்பில் அதற்கு இடமே இல்லை. இரண்டு சரணம் முடிந்ததும் எட்டு அளவு வேறு சுரக்கோவையில் போய்த் திரும்பி, இரண்டரை நிமிடத்தில் கதை முடிந்துவிடும். இடையிசையை விட மனமில்லாத குழு 70களின் கடைசியை எடுத்துக்கொள்ளட்டும், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

வினைல் தட்டாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நீளத்தை முதலிலேயே பாருங்கள். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரை வசதி. அதற்குமேல் போனால் பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலியளவைத் தாழ்த்த வேண்டும். பீட்டில்ஸின் 30 நிமிடம் ஒரே தட்டில் சுகமாக அடங்கியது. 'கரண்ட்ஸ்' 51 நிமிடம். அதனால் இரண்டு தட்டாக வந்தது. பக்கத்தின் கடைசியில், மையத்தை நெருங்கும்போது, ஒலி சிதையும். சகர ஸகரம் மிகுந்த பாட்டையும் உரத்த பாட்டையும் அங்கே வைக்காதீர்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மோனோவாக்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஊசி குதிக்கும் என்று தட்டு வெட்டுபவர் திருப்பி அனுப்புவார்.

மூலத் தட்டுகளைத் தேடுபவர்கள் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையையும், பினாங்கு லோரோங் குலிட் காலைச் சந்தையையும் பார்க்கலாம். அதைவிட வீட்டுப் பரண்களில் கிடப்பவை அதிகம் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்த 45 சுழற்சி வினைல் தட்டை, வடிநீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். நடுவில் ஒட்டிய தாள் நனையக் கூடாது. 78 சுழற்சித் தட்டு அரக்கால் ஆனது. அதில் ஆல்கஹால் பட்டால் மேற்பரப்பே கரைந்துவிடும், எல்பி ஊசியும் பள்ளத்தின் அடியில் அலைந்து தூசியைத்தான் வாசிக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். ஸ்பூல் நாடாவாக இருந்தால் முதலில் சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் அது பழைய அசிடேட் நாடா, சூடு காட்டக் கூடாது. 70, 80களின் நாடா ஓடும்போது கிறீச்சிட்டு, தலையில் பழுப்புப் பசை ஒட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஈரம் குடித்து ஒட்டுப்பசை இளகிய அந்த நாடாவை 54 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 8 மணி நேரம் உலர்த்தினால் சில வாரங்களுக்கு ஓடும்; அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். வெப்பத்தைத் துல்லியமாகப் பிடித்து வைக்கும் பெட்டியில் மட்டுமே இதைச் செய்யலாம், சமையலறை அவனில் வேண்டாம்.

இங்ஙனம்,
ஒலிப்பதிவுத் துறை வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.